கட்டுப்படியாகும் வரைக்கும்

1

எங்கள் கடைசிக் கிணற்றை வியாழக்கிழமை மூடுகிறார்கள் என்று வால்டர் போன் செய்து சொன்னார். நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் அப்போது மதியத் தூக்கத்துக்குப் பிள்ளைகளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். வால்டர் ஒரு விவசாயி. நாங்கள் வாழும் கால்கரி நகரத்திலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் அவருடைய கோதுமை வயல் வரும். அந்த வயலில்தான் எங்கள் கிணறு இருந்தது.

கிணறு என்றதும் விழுப்புரம் பக்கத்தில் இதைப் படிப்பவர்களுக்கு மோட்டார் கொட்டகையும் வாய்க்காலும்தான் கண்ணில் வரும். இது கச்சா எண்ணெய்க் கிணறு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். வாயோ ஒரு சோற்றுத் தட்டின் அகலம்கூட இருக்காது. மேலே ஓர் இரும்பு யந்திரம் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து எண்ணெயை இழுத்துக்கொண்டிருக்கும். இப்படி நான்கு கிணறுகள் எங்களுக்கு இருந்தன. என் கணவர் முருகவேலும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து வாங்கியவை. மூன்றை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். இது நான்காவது.

மாலையில் அவரிடம் சொன்னேன். அவர் இப்போது ஒரு பொருள் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். குக்கரைத் திறந்து சோற்றைக் கிளறியபடியே, "வியாழக்கெழம எனக்கு ஷிஃப்ட் இருக்குது" என்றார். ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடியாதா என்று நான் கேட்கவில்லை. நான் போகிறேன் என்றேன். நெடுஞ்சாலையில் கார் ஓட்ட எனக்குப் பயம். பேருந்தும் அந்தப் பக்கம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள் இலக்கியா, தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, தான் அழைத்துப் போவதாகச் சொன்னாள். அந்த வயலில் காலடி வைக்க மாட்டேன் என்று பள்ளியில் படிக்கும்போது சொன்னவள் அவள்.

2

நான் திண்டிவனத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு தினமும் காலை ரயிலில் தாம்பரம் வரை போய், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். முருகவேலுக்கு மயிலத்தை ஒட்டிய ஊர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். வீட்டில் முதலில் இன்ஜினியர் ஆனவர் அவர்தான். மஸ்கட்டில் எண்ணெய் வயல்களில் சில வருடம் வேலை பார்த்தார். பிறகு குடியுரிமை கிடைக்கும், பிள்ளைக்கு நல்ல படிப்பு கிடைக்கும் என்று கனடா வந்தோம். கால்கரியில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தில் வேலை. வீடு வாங்கினோம்.

எண்ணெய் விலை விழுந்த வருடம் அலுவலகத்தில் அவருடைய மாடியில் இருந்த முக்கால்வாசிப் பேரை ஒரே காலையில் அனுப்பிவிட்டார்கள். அவரும் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். கூடவே வேலை போன மலையாளி நண்பர் பாபுவும் வந்தார். மாதக்கணக்கில் இருவரும் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பினார்கள். அப்புறம் ஒரு நாள், வேறு ஏதோ வரைபடங்களை விரித்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

அவர்கள் பேசியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எண்ணெய்க் கிணறு தோண்டுவதில் பெரிய செலவு முதலிலேயே முடிந்துவிடும். எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் பூமிக்குள் போனதுதான். வந்தால் முதல் சில வருடம் தாராளமாக வரும். போட்டதை அதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருடா வருடம் எண்ணெய் குறையும், கூடவே உப்புத் தண்ணீர் அதிகமாகும். ஆனால் கிணறு ஒரேயடியாக வற்றுவதில்லை. கொஞ்சம் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம், லாரி வாடகை, நிலத்துக்காரருக்குக் குத்தகை, அரசாங்கத்துக்குப் பங்கு, ஊராட்சிக்கு வரி எல்லாம் கழித்தால் கையில் ஏதாவது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. பெரிய கம்பெனிக்குப் பெரிய அலுவலகம், பெரிய சம்பளம். அதனால் சீக்கிரமே கையில் எதுவும் நிற்காமல் போகும். தானே வண்டி ஓட்டி, தானே ஸ்பேனர் பிடிக்கும் சின்ன ஆளுக்கு அதே கிணறு இன்னும் பல வருடம் கட்டுப்படியாகும்.

"அவ்ளோ கொறஞ்ச விலைக்கு ஏங்க குடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

பாபு வரைபடத்தைப் பார்த்தார். முருகவேல்தான் பதில் சொன்னார். கிணற்றை வாங்குகிறவர் தலையில், கடைசியில் அதை மூடுகிற செலவும் சேர்ந்து வருகிறது. சிமெண்ட் ஊற்றி, குழாயை வெட்டி, நிலத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு கிணற்றை வாங்கும் விலையைவிடப் பல மடங்கு. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், அதற்குள் மாதாமாதம் ஒதுக்கி வைத்துவிடலாம் என்றார். கணக்கில் தப்பில்லை. நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எண்ணெய் விலை அப்படியே நிற்கும், எதுவும் உடையாது என்று வைத்துக்கொண்டால் சரியாகத்தான் வந்தது.

வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கினோம்.

3

என் மாமனார் ஏழுமலையிடம் இந்தச் செய்தியைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் நாங்கள் மஸ்கட்டில் இருந்தபோதே போய்விட்டார். மாமனார் இளைய மகன் குமாரோடு இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். ஊரில் யாரோ சொல்லி விஷயம் அவருக்கு முன்பே போயிருந்தது.

"இன்னாடா முருகா, கெணறு வாங்கிக்கினியாமே? தண்ணி எப்டி, நல்ல தண்ணியா, உப்பா?"

"தண்ணிக் கெணறு இல்ல நைனா. எண்ணெ."

"எண்ணெயேதான் வருதா?"

"பத்துல ஒரு பங்கு எண்ணெ. மீதி உப்புத் தண்ணி."

"அந்தத் தண்ணிய இன்னா பண்ணுவ?"

லாரியில் ஏற்றி அனுப்பி, வேறொரு கிணற்றின் வழியாகத் திரும்ப பூமிக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள், லாரிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும் என்று இவர் விளக்கினார். அந்தக் கோடையில் அவர்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. டேங்கர் தண்ணீர் வாங்கி மாட்டுக்குக் காட்டினார்கள்.

"தண்ணிய உள்ள தள்றதுக்குக் காசா" என்றார் மாமனார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு, "கட்டுப்படியாவுதா?" என்று கேட்டார்.

"ஆவுது நைனா."

"ஆவுற வரிக்கும் ஓட்டு. ஆவலன்னா வுட்டுட்டு வா. நெலம் இருக்குது."

மல்லாட்டைக்கு விலை இல்லாத வருடத்தில் அவர் நிலத்தை அப்படியே போட்டு வைப்பார். மறுவருடம் மழை பார்த்து ஏர் கட்டுவார். இந்தக் கிணற்றை அப்படிப் போட்டுவிட்டு வர முடியாது என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் அன்று நினைக்கவில்லை.

4

முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. விலை ஏறியது. இவர் விடியற்காலையில் தோசையைச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டு கிளம்புவார். நாலு கிணற்றையும் சுற்றிப் பார்த்து, தொட்டியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, கசிவு இருந்தால் முடுக்கி, இருட்டுவதற்குள் வருவார். கையெல்லாம் கறுப்பாக இருக்கும். அலுவலகத்தில் இருந்த காலத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு அப்போது அவர் முகத்தில் இருந்தது. மாலையில் நான் கம்பெனிக் கணக்கை எழுதுவேன்.

இலக்கியா அப்போது தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆண்டு விழா மேடையில், "என் அப்பா எண்ணெய் எடுத்து விற்கிறார்" என்று பேசினாள். விழா முடிந்ததும் ஓர் அம்மா என்னிடம் வந்து, மரச்செக்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் கிடைக்குமா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது, இந்த மாகாணத்தில் கேட்பாரற்று நிற்கும் பழைய கிணறுகளைப் பற்றி ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். பள்ளியில் அவள் பெயர் லக்கி. இலக்கியா என்று வாயில் வராதவர்கள் வைத்த பெயர் அது. பிறகு அவளே அப்படி எழுத ஆரம்பித்துவிட்டாள். அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். நம்முடைய மூன்றாவது கிணறு ஒரு வருடமாக ஓடவில்லையே, அதை எப்போது மூடப் போகிறீர்கள் என்று. விலை ஏறினால் திரும்ப ஓடும் என்றார் இவர். ஏறாவிட்டால் என்றாள். மூடுவதற்குப் பணம் சேர வேண்டும் என்றார். அப்படியானால் மூடப் பணமில்லாமல்தான் வாங்கினீர்களா என்று கேட்டாள்.

இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதன் பிறகுதான் அவள் வயலுக்கு வர மறுத்தது. தமிழில் பேசுவதும் மெல்ல நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று மற்ற அம்மாக்கள் சொன்னார்கள்.

அடுத்த வருடம் பாபு சவூதியில் வேலை கிடைத்துப் போனார். தன் பங்கை இவருக்கே எழுதிக் கொடுத்தார். பங்கோடு பொறுப்பும் இவர் ஒருவர் தலைக்கே வந்தது.

5

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது குமார் கூப்பிட்டான்.

"அண்ணி, நைனாவ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். மூச்சு வாங்குது. அண்ணன ஜல்தி கெளம்பி வரச் சொல்லுங்க."

இவர் வயலில் இருந்தார். நான்கில் நன்றாக ஓடுகிற ஒரே கிணற்றில், வால்டர் நிலத்துக் கிணற்றில், உள்ளே இறங்கும் கம்பி முந்தின நாள் அறுந்துவிட்டிருந்தது. அன்றிரவே அதை அப்பாவிடமும் போனில் சொல்லியிருந்தார். அறுந்ததை வெளியே எடுத்துப் புதிதாக இறக்கத் தனி லாரியும் ஆட்களும் வர வேண்டும். குளிரில் எல்லோருக்கும் உடைந்துகொண்டிருந்த நேரம். இரண்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த முறையை விட்டால் மூன்று வாரம் ஆகும். கிணறு ஓடாமல் நின்றால் தொட்டிக்குப் போகும் குழாய் உறைந்து வெடிக்கும். வால்டரின் நிலத்தில் எண்ணெய் கொட்டினால் சுத்தம் செய்கிற செலவிலேயே வீடு போய்விடும். பார்த்துக்கொள்ள பாபுவும் இல்லை.

இதையெல்லாம் அவர் போனில் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். "வெடிச்சா வெடிச்சிட்டுப் போவட்டுங்க. நீங்க கெளம்புங்க" என்றேன்.

"ரெண்டு நாளு. கம்பிய எறக்கிட்டா அன்னிக்கே ஏறிடறேன்."

அந்த இரண்டு நாளும் அவர் வயலை ஒட்டிய சிறு ஊரில் தங்கினார். குழாய் உறையாமல் சூடுகாட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நடுவில் குமார் வீடியோவில் அப்பாவைக் காட்டினான். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மகன் முகத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கி அசைத்தார். வா என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை என்றார் இவர்.

கம்பி இறங்கியது. யந்திரம் திரும்ப ஓடியது. வால்டர் தானே அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இவரை அனுப்பினார். இவர் வீட்டுக்குக்கூட வராமல் நேரே விமான நிலையம் போனார். நான் துணி எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டார். எண்ணெய் வாடை போகவில்லை. விமானம் மாறும் ஊரில் இறங்கி போனைத் திறந்தபோது செய்தி வந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள்தான் அப்பாவைப் பார்த்தார். மூத்த மகன் வருவதற்காக வைத்திருந்தார்கள்.

6

எங்கள் மூவருக்கும் டிக்கெட் வாங்கப் பணமில்லை. அதனால் நானும் இலக்கியாவும் போகவில்லை. கருமாதி முடித்துவிட்டு அவர் திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, எல்லாம் குமார் நன்றாகச் செய்தான் என்று மட்டும் சொன்னார். பல மாதம் கழித்து, கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, சிக்னலில் கார் நின்றிருக்கையில் மீதியைச் சொன்னார்.

கருமாதி அன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது குமார் அவரைத் தனியே கூப்பிட்டிருக்கிறான். அண்ணன் தாமதமாக வந்ததைக் கேட்கப் போகிறான் என்று இவர் நினைத்தாராம். ஆனால் அவன் சொன்னது வேறு.

"நைனா உன்னக் கூப்புட வேணாம்னு சொல்லிக்கினே இருந்தாருண்ணா. 'கெணத்துல கம்பிய வுட்டுக்கினு எப்டிடா வருவான், முடிச்சிட்டு வரட்டும்'னாரு. நாந்தான் கேக்காம அண்ணிக்குப் போன் போட்டுட்டேன்."

பச்சை விளக்கு விழுந்தும் இவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். "அவரு என்னத் திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தக் கிணறு பழையபடி ஓடவே இல்லை. கம்பி இறக்கிய பிறகு தண்ணீர்தான் அதிகம் வந்தது. அன்று செய்த செலவை அது கடைசிவரை திருப்பித் தரவில்லை. கணக்கு எழுதியவள் நான்தான், அதனால் உறுதியாகத் தெரியும். இவரிடம் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவருக்கும் தெரியும்.

7

விலை திரும்ப விழுந்தது. ஓட்டினால் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் நஷ்டம். நிறுத்தினால் மூடுகிற செலவு மொத்தமாக வந்து நிற்கும். ஆகவே ஓட்டினோம். ஒதுக்கி வைத்த பணம் மின்சாரத்துக்கும் லாரிக்கும் போனது. கட்டுப்படியாகாவிட்டால் விட்டுவிட்டு வா என்று மாமனார் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். கட்டுப்படியாகாததால்தான் எங்களால் விட்டுவர முடியவில்லை.

கிணறுகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்திலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. கணக்குப் பிள்ளை என்பதால் நான்தான் போனில் பேசினேன். ஓர் அலுவலர் மூன்றாவது கிணற்றைப் பற்றி, அதை எப்போது 'அபாண்டன்' செய்தீர்கள் என்று கேட்டார். கைவிட்டுவிட்டோம் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் கைவிடவில்லை, என் கணவர் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்தத் தொழிலில் சிமெண்ட் ஊற்றி முறையாக மூடுவதற்குத்தான் அந்தப் பெயராம். அப்படி மூடாமல், சொந்தக்காரர் கையில் பணமில்லாமல் நின்றுபோகிற கிணற்றுக்கு வேறு பெயர். அநாதை.

ஒரு வருடத்துக்குள் எங்கள் நான்கும் அநாதைக் கிணறுகள் ஆயின. கம்பெனியைக் கலைத்தோம். எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கட்டும் பொது நிதியிலிருந்து அவற்றை மூடுவதற்கு வரிசையில் வைத்தார்கள். வீட்டை விற்று வங்கிக்குக் கொடுத்தோம். இப்போது இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். ஊரில் யார் கேட்டாலும் கிணற்றை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டோம் என்றுதான் இவர் சொல்கிறார். குமாருக்கு மட்டும் உண்மை தெரியும் என்று நினைக்கிறேன்.

8

வியாழக்கிழமை காற்று பலமாக இருந்தது. வழியெல்லாம் இலக்கியா அதிகம் பேசவில்லை. வயலுக்குள் திரும்பும் மண்பாதை மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே திரும்பினாள்.

யந்திரத்தை ஏற்கெனவே கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். குழாயைச் சுற்றி ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. ஏர் படாத ஆழத்தில் குழாயை அறுத்திருந்தார்கள். உள்ளே சிமெண்ட் இறுகியிருந்தது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் குழாயின் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, குமிழி வருகிறதா என்று மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. வெல்டிங் செய்ய வந்தவள் இலக்கியாவைவிடச் சில வயதே மூத்த பெண். எண் பொறித்த இரும்புத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வால்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, முருகவேல் வரவில்லையா என்று கேட்டார். வேலை என்றேன். நல்ல மனிதன், இந்த நிலத்தில் ஒரு சொட்டு கொட்டவிட்டதில்லை, அவரிடம் சொல்லுங்கள் என்றார். அடுத்த வருடம் இந்த இடத்தில் புல் போடுவாராம், அதற்கடுத்த வருடம் கோதுமை.

"அம்மா, அப்பாவுக்கு கால் பண்ணு" என்றாள் இலக்கியா. தமிழில்தான் சொன்னாள்.

அவருக்குத் தேநீர் இடைவேளை. முதல் மணியிலேயே எடுத்தார். காற்றில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"குமிழி வருதா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. நானும் பாத்தேன்."

"மூடி?"

"இப்ப வெக்கிறாங்க."

பள்ளத்துக்குள் வெல்டிங் வெளிச்சம் தெறித்தது. அங்கே பார்க்காதே என்று இலக்கியா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். போனில் கிடங்கின் இரைச்சல் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். அவர் வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார் பிறகு. "இனிமே எப்ப வேணா ஊருக்குப் போவலாம்."

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்தார்.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் இலக்கியா வாயைத் திறந்தாள். கிணறு வேலை முடிந்துவிட்டது, ஊருக்குப் போகலாம் என்றா அப்பா சொன்னார், தான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"யாரப் பாக்க?" என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"சித்தப்பா இருக்காருல்ல" என்றேன்.

தலையாட்டினாள். சாலையைப் பார்த்தபடியே, சித்தப்பாவின் முகத்தை அவள் நினைவுபடுத்திப் பார்க்க முயல்வது எனக்குத் தெரிந்தது.